அரிவாளுக்கு ஒரு நியாயம், ஆடைக்கு ஒரு நியாயம்



2025 ஆகஸ்ட் 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு மனுவைத் தள்ளுபடி செய்தது. ரஜினிகாந்த் நடித்த ‘கூலி’ படத்துக்கு மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியம் ‘ஏ’ சான்று அளித்திருந்தது. அதை ‘யு/ஏ’ ஆக மாற்றித் தரவேண்டும் என்பது படத்தைத் தயாரித்த சன் நிறுவனத்தின் கோரிக்கை. ‘கேஜிஎஃப்’, ‘பீஸ்ட்’ போன்ற படங்களில் இதைவிட அதிகமான வன்முறை இருந்தும் அவற்றுக்கு ‘யு/ஏ’ கொடுத்த வாரியம் எங்களுக்கு மட்டும் ஏன் மறுக்கிறது என்பது அவர்கள் வைத்த வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

ஈராண்டுகளுக்கு முன், 2023இல், அதே நடிகர் நடித்து அதே நிறுவனம் தயாரித்த ‘ஜெயிலர்’ படத்தின் ‘யு/ஏ’ சான்றை ரத்துச் செய்யவேண்டும் என்று வேறொருவர் அதே நீதிமன்றத்தை அணுகியிருந்தார். காது அறுபடுவதும் தலை வெட்டப்படுவதும் பிள்ளைகள் பார்க்கத் தகுந்தவையா என்பது அவருடைய கேள்வி. அந்த மனுவும் தள்ளுபடியாயிற்று. கண்டிப்பு அதிகம் என்று போனவருக்கும் கிடைக்கவில்லை. கண்டிப்புப் போதாது என்று போனவருக்கும் கிடைக்கவில்லை. வாரியம் எங்கே கோடு கிழித்ததோ அதுவே கோடு.

திரைப்படம் பார்ப்பதில் நாட்டமில்லாத நாம் இந்தச் செய்தியை ஏன் இவ்வளவு கவனமாகப் படித்தோம் என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் திரையரங்கம் அன்று. ‘ஏ’ சான்று பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் காட்ட நம் நாட்டில் அனுமதி இல்லை. வெட்டி, மறுசான்று பெற்ற பிறகே காட்டலாம். ‘யு/ஏ’ ஆனால் பண்டிகை நாளின் காலையிலேயே வீட்டுக்குள் வந்துவிடும். அந்த ஓரெழுத்தின் வேறுபாடு, காஞ்சிபுரத்தில் நம் மக்தபுக்கு அஸர் தொழுகைக்குப் பின் வந்து அமரும் நாற்பது பிள்ளைகளின் கண்ணுக்கு என்ன வந்து சேரும் என்பதைத் தீர்மானிக்கிறது. 2024இல் ‘யு/ஏ’ என்பதை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்துவிட்டார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூடத்தில் இருக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரில் அமர்ந்திருப்பது யார், அவருக்கு வயது எத்தனை என்பது பெட்டிக்குத் தெரியாது. பெற்றோர் வழிகாட்டுதலுடன் பார்க்கவேண்டிய படம் என்று எழுதியிருக்கிறது; பெற்றோர் அந்நேரம் தறியிலோ அடுப்படியிலோ இருக்கிறார்கள்.

நம் ஊரில் தொலைக்காட்சி எல்லா வீட்டிலும் நுழைந்தது 2006க்குப் பிறகு. அரசு இலவசமாகக் கொடுத்த வண்ணத் தொலைக்காட்சிகள் மாநிலம் முழுவதும் ஒன்றரைக் கோடியைத் தாண்டின. தறி இருக்கும் அறையிலேயே பெட்டியும் ஓரமாக இடம்பிடித்தது. நாடா ஓடும் சத்தத்துக்கு மேலே தொடரின் அழுகைச் சத்தம் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைப்பது பல வீடுகளின் வழக்கமாகிவிட்டது. நெய்பவரின் கண் பாவில் இருக்கும். காது தொடரில் இருக்கும். கண்ணும் காதும் இரண்டையும் கொடுத்துப் பார்ப்பவர் பிள்ளை மட்டுமே.

இங்கே ஒன்றைக் கவனித்து வருகிறோம். பாடல் காட்சியில் ஒரு நடிகையின் தோள் தெரிந்தால், எந்த வீடாயினும், யாரோ ஒருவரின் கை ரிமோட்டைத் தேடும். பாட்டி “மாத்துங்கடா” என்பார். அடுத்த அலைவரிசையில் ஒருவனை நான்கு பேர் அரிவாளால் வெட்டிக்கொண்டிருப்பார்கள். அங்கே கை நின்றுவிடும். வெட்கத்துக்குரியது போய்விட்டது, இனி நிம்மதியாகப் பார்க்கலாம் என்பதுபோல அனைவரும் சாய்ந்து அமர்வார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற கதைதான்.

வீட்டின் இந்த வழக்கம் வீட்டிலேயே பிறந்ததன்று. அரசின் வழக்கமும் ஏறத்தாழ இதுவே. 2007இல் ஏஎக்ஸ்என் அலைவரிசைக்கு ஒரு விளம்பரத் தொகுப்பு நிகழ்ச்சிக்காக இரண்டு மாதத் தடை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு எஃப்டிவிக்கும் இரண்டு மாதத் தடை. 2010 மார்ச்சில் மறுபடியும் சில நாள்கள். இவை எல்லாமே உடல் தெரிந்தது என்ற குற்றத்துக்காக. ஒருவனைக் கொல்வதை விரிவாகக் காட்டியதற்காக ஒரு பொழுதுபோக்கு அலைவரிசை இப்படி மாதக்கணக்கில் இருட்டாக்கப்பட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. எஃப்டிவி தண்டிக்கப்பட்ட அதே 2010 மார்ச்சின் தொடக்கத்தில், தமிழ்ச் செய்தி அலைவரிசை ஒன்று, ஒரு துறவியின் அறையில் மறைவாக எடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. அவை உண்மையா பொய்யா என்பது நமக்குத் தேவையில்லை. பிறர் குறைகளைத் துருவாதீர்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் விதிக்கும் தடைக்கு இந்த மதத்தவர், அந்த மதத்தவர் என்ற கணக்கு இல்லை. அன்று நம் பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுப் பெட்டியை அணைத்தார். செய்தி என்ற பெயர் இருந்ததால் அதற்கு நள்ளிரவு வரை காத்திருக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

2012 ஏப்ரல் 22, ஞாயிற்றுக்கிழமை நண்பகல், ‘தி டர்ட்டி பிக்சர்’ என்ற இந்திப் படம் சோனியில் வருவதாக இருந்தது. நம் தமிழ்த் திரையின் சில்க் ஸ்மிதாவின் வாழ்வைத் தழுவியது என்று பேசப்பட்ட படம். (பட்டு நெய்யும் ஊரில் இருந்துகொண்டு அப்பெயரை எழுதும்போது, ஒரு பெண்ணைத் துணியின் பெயரால் அழைத்துத் துணியில்லாமல் நிறுத்திய உலகத்தை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.) ஐம்பதுக்கும் மேற்பட்ட வெட்டுகளுக்குப் பின் அதே வாரியத்திடம் ‘யு/ஏ’ வாங்கியிருந்தார்கள். ஆயினும் இரவு 11 மணிக்கு மேல்தான் காட்டலாம் என்று அமைச்சகம் கடைசி நேரத்தில் சொல்லிவிட்டது. சான்று கொடுத்ததும் அரசின் வாரியம். அச்சான்று போதாது என்றதும் அரசு. அந்தப் படத்தில் நடித்தவருக்குத் தேசிய விருது அறிவித்திருந்ததும் அரசே. இதே ‘யு/ஏ’ சான்றுடன், இரத்தம் தெறிக்கும் படங்கள் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டுகளும் பட்டப்பகலில் எத்தனையோ வந்தன. அவற்றுக்கு 11 மணி வரவேயில்லை.

2012 அக்டோபர் 2 முதல் நம் திரைகளில் இன்னொரு மாற்றமும் வந்தது. பாத்திரம் சிகரெட் பற்றவைத்தால் கீழே எச்சரிக்கை வாசகம் வரவேண்டும். பற்றவைத்தவன் புகையை ஊதிவிட்டு எதிரில் நிற்பவனைக் கொல்கிறான். சிகரெட் அணைந்ததும் எச்சரிக்கையும் மறைந்துவிடுகிறது. கொலை எச்சரிக்கை ஏதுமின்றி நடந்தேறுகிறது. நம் மாணவன் ஒருவன், எட்டு வயது, இதைப் பார்த்துவிட்டு நம்மிடம் கேட்டான்: “ஹஜ்ரத், சிகரெட் பிடிச்சுக்கிட்டே குத்தினா மட்டும்தான் தப்பா?” சிரிக்கவும் முடியவில்லை.

சீமையின் நிலை வேறுவிதம். பிரிட்டனில் இரவு 9 மணி என்று ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் பிள்ளைகளுக்கு ஒவ்வாதவை வரக்கூடாது. 9 மணி தாண்டினால் முழு நிர்வாணத்தோடு துணை தேடும் நிகழ்ச்சியே 2016 முதல் அங்கே வருகிறது. புகார் போனது, ஒழுங்காற்று அமைப்பு தடுக்கவில்லை. அமெரிக்காவிலோ 2004இல் ஒரு விளையாட்டுப் போட்டியின் இடைவேளையில் ஒரு பாடகியின் மார்பு அரை விநாடி தெரிந்ததற்காக ஐந்தரை லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். பின்னர் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. துப்பாக்கிக்கு அந்த நாட்டுத் தொலைக்காட்சியில் குறைவில்லை. ஒவ்வொரு நாடும் தன் கண்ணுக்குப் பழகியதை மன்னிக்கிறது.

நம் நாட்டில் இந்தக் கேள்வியை முதலில் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனவர் குவாஜா அஹ்மத் அப்பாஸ். பம்பாய், கல்கத்தா, மதராஸ், டெல்லி ஆகிய நான்கு நகரங்களில் செல்வமும் வறுமையும் அருகருகே கிடப்பதைக் காட்டி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதில் பம்பாயின் விலைமாதர் தெரு சிறிது நேரம் வருகிறது. அதை வெட்டு, இல்லையேல் ‘ஏ’ என்றது வாரியம். ஏழைப் பெண்ணுக்கு இழைக்கப்படும் கொடுமையைக் காட்டியதை ஆபாசம் என்றார்கள். 1970 செப்டம்பர் 24 அன்று தீர்ப்பளித்த ஐவர் அமர்வுக்குத் தலைமை வகித்தவர் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லாஹ். முன்கூட்டிய தணிக்கை செல்லும் என்றே அவர் தீர்ப்பளித்தார். எனினும், உடல் சார்ந்தது எல்லாமே ஆபாசம் ஆகிவிடாது என்றும், எது எந்த நோக்கத்தோடு காட்டப்படுகிறது என்று பிரித்தறியாத அளவுகோல் குறையுடையது என்றும் எடுத்துரைத்தார். வழக்குத் தொடுத்தவரும் தீர்ப்பளித்தவரும் நம் சமுதாயத்தில் பிறந்தவர்கள் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. ‘விஸ்வரூபம்’ தெரியும். 2013இல் அப்படத்துக்கு எதிராக நம் அமைப்புகள் எழுப்பிய குரலின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் கத்தி ஒரு முஸ்லிமின் கையில் இருந்தபோது எழுந்த குரல், கத்தி வேறு கைகளில் இருந்த நூறு படங்களுக்கு எழவில்லையே என்ற கேள்வியை, இன்றைக்கும் நம் ஜமாஅத் கூட்டங்களில் கேட்டால் முகங்கள் வாடுகின்றன.

நம் ஊருக்கே உரிய ஒரு கேள்வியையும் மாணவர்கள் விடுவதில்லை. கோயில் தூண்களில் ஆடை குறைந்த சிற்பங்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு யார் சான்று கொடுத்தார்கள் என்று. சட்டத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. ஆபாசத்தைத் தண்டித்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவு, பழஞ்சின்னங்களிலும் கோயில்களிலும் உள்ள சிற்ப ஓவியங்களுக்கு விலக்கு அளித்திருந்தது. இன்றைய நியாய சன்ஹிதாவின் 294ஆம் பிரிவிலும் அவ்விலக்குத் தொடர்கிறது. அது நம் அண்டை வீட்டாரின் வழிபாட்டு மரபு. அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று என்று மாணவர்களிடம் கூறுகிறோம். நம் வேலை நம் பார்வை. அந்நூர் அத்தியாயத்தில் பார்வையைத் தாழ்த்தும் கட்டளை 30ஆம் வசனத்தில் முதலில் ஆண்களுக்கு வருகிறது. பெண்களுக்கான கட்டளை அதற்கு அடுத்த வசனத்தில்தான். ரிமோட்டைத் தேடும் ஆண்கள் இந்த வரிசையையும் நினைவில் கொள்வது நல்லது.

ஆனால் பார்வையைத் தாழ்த்துவது நிர்வாணத்துக்கு மட்டுமான சட்டமா? இதைப் பற்றி நாம் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறோம். பெரிய மாணவர்களுக்கு ஆண்டுதோறும் மய்யித்தைக் குளிப்பாட்டும் முறையைக் கற்றுத் தருகிறோம். இறந்தவரின் மறைவிடத்தின் மீது துணியைப் போட்ட பிறகே உடைகளைக் களையவேண்டும். துணிக்கு அடியில் கையை நுழைத்துக் கழுவவேண்டும். வெறுங்கையால் அல்ல, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு. தேவைக்கு மேல் ஆள்கள் அங்கே நிற்கக்கூடாது. உடலில் ஏதேனும் குறையைக் கண்டால் குளிப்பாட்டியவர் அதை வெளியே சொல்லக்கூடாது. இறந்தவருக்கு வெட்கமும் இல்லை, வலியும் இல்லை. பின் ஏன் இத்தனை என்று மாணவர்கள் கேட்பார்கள். மனித உடலின் கண்ணியம் உயிரோடு முடிந்துவிடுவதில்லை என்பதே நம் மார்க்கச் சட்டத்தின் நிலை. அப்படியானால் ஆடை விலகிய உடலுக்கும், வெட்டுண்டு கிடக்கும் உடலுக்கும் அளவுகோல் ஒன்றுதான். இரண்டுமே மறைக்கப்படவேண்டியவை. இரண்டையும் உற்றுப் பார்ப்பது அந்த மனிதரைச் சிறுமைப்படுத்துவது.

இதை வைத்து நம் செய்தி அலைவரிசைகளைப் பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் கருகினர். அந்தப் பிஞ்சு உடல்கள் வீடுதோறும் காட்டப்பட்டன. 2008 நவம்பரில் சென்னைச் சட்டக் கல்லூரியில் மாணவர்கள் ஒருவரையொருவர் தடியால் அடித்த காட்சி நாள்கணக்கில் ஓடியது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், சாதி மாறி மணந்த குற்றத்துக்காக ஓர் இளைஞரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்ற சிசிடிவி பதிவு, அடுத்த பல நாள்கள் நம் உணவு நேரங்களில் வந்துகொண்டிருந்தது. உலகுக்கு அநீதி தெரியவேண்டும் என்பார்கள். தெரியவேண்டும்தான், ஒரு முறை, முகத்தை மறைத்து, சொல்லால். நாற்பது முறை சுழற்றுவதில் அநீதி எங்கே தெரிகிறது? 2023 ஜனவரி 9 அன்று மத்திய அமைச்சகமே, விபத்து, மரணம், தாக்குதல் ஆகியவற்றின் கோரக் காட்சிகளை மங்கலாக்காமல் நெருக்கத்தில் காட்டுகிறீர்கள் என்று அலைவரிசைகளைக் கண்டித்து அறிவுரை அனுப்பியது. அறிவுரைதான், இருட்டாக்கவில்லை.

நம் மக்தபில் ஓதும் சிறுமி ஒருத்தி. வயது ஒன்பது. அவளுடைய அத்தா வேன் ஓட்டுநர். பட்டுச் சேலைக் கட்டுகளைப் பெங்களூருக்குக் கொண்டுசெல்பவர். சென்ற ஆண்டு நெடுஞ்சாலையில் நின்றிருந்த லாரி மீது வேன் மோதி அவர் இறந்தார். ஊருக்கு உடல் வந்து சேருமுன் அவருடைய முகம் ஒரு செய்தி அலைவரிசையில் வந்துவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவைத்திருந்தார்கள், அழுகுரல் கேட்க வேண்டாம் என்று. அங்கே பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் செய்தியைத் தொடர்ந்து வந்த சினிமாத் துணுக்கில் ஒரு நடிகையின் இடுப்பை மட்டும் மங்கலாக்கியிருந்தார்களாம். உடனிருந்த பெண்மணி நம் வீட்டாரிடம் சொன்னார். நாம் அவரைக் குளிப்பாட்டியபோது முகத்தின் காயங்களைப் பஞ்சு வைத்து மறைத்து, பிள்ளைக்குக் காட்டலாமா என்று ஐந்து பேர் ஆலோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தோம். அவள் முன்பே பார்த்துவிட்டாள் என்பது அப்போது எங்கள் எவருக்கும் தெரியாது.

புகார் எழுதினோம். எழுத விரும்பும் குடும்பங்களுக்காக முறையைச் சொல்லிவிடுகிறோம். 2021 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி முதலில் அந்த அலைவரிசைக்கே எழுதவேண்டும். அவர்கள் 15 நாள்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். அது போதாதென்றால் அலைவரிசைகளின் சுயஒழுங்கு அமைப்புக்குப் போகலாம். அதற்கும் மேலே மத்திய அரசின் குழு இருக்கிறது. அலைவரிசையின் பெயர், நாள், நேரம், காட்டப்பட்டது என்ன என்பவற்றைச் சுருக்கமாக எழுதினால் போதும். மார்க்கத்தை இழுக்க வேண்டியதில்லை. மனிதக் கண்ணியம் என்ற சொல்லே போதுமானது. நாம் அறிந்தவரையில் நம் முஹல்லாக்களிலிருந்து போகும் புகார்கள் பெரும்பாலும் பாடல் காட்சிகளைப் பற்றியவை. ஒரு கொலைக் காட்சிக்கு எதிராக யாரும் தாளெடுத்து எழுதியதாக நமக்குத் தெரியவில்லை.

பதின்மூன்றாம் நாள் பதில் வந்தது. வருந்துகிறோம், காட்சி எங்கள் இணையப் பக்கத்திலிருந்தும் நீக்கப்பட்டது என்று இரண்டு வரி. இத்தா முடியாதிருந்த அப்பெண்மணிக்கு நம் வீட்டாரின் வழியே அதைக் கொடுத்தனுப்பினோம். அவர் அதைப் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டாராம்: “ஹஜ்ரத் மேலே எழுதப் போறாங்களா? எழுதினா இன்னொரு தடவை எல்லாரும் அதைப் போட்டுப் பார்ப்பாங்களே?” மேலே எழுதவில்லை.

அவர் வேறொன்று கேட்டுக்கொண்டார். மக்தபுக்கு எதிரில் ஒரு தேநீர்க் கடை. மாலையில் அங்கே செய்தி ஓடும். நம் சன்னலிலிருந்து திரை தெளிவாகத் தெரியும். பிள்ளையை வேறு பக்கம் உட்கார வைக்க முடியுமா என்றார். நாற்பது பிள்ளைகள் இருக்கும் ஒரே அறையில் வேறு பக்கம் என்று ஒன்றில்லை. கடைக்காரரிடம் சென்று விவரத்தைச் சொன்னோம். கோயில் தெருக்காரர், நம்மினும் மூத்தவர். “அந்த டிரைவர் தம்பி பொண்ணா?” என்றவர், வாடிக்கையாளர்களை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, தாமே முக்காலி மேல் ஏறிப் பெட்டியை எதிர்ச் சுவருக்கு மாற்றினார். இப்போது சத்தம் மட்டும் வருகிறது. செய்தி தொடங்கும் இசை கேட்டால் அச்சிறுமி ஓதுவதை நிறுத்துகிறாள். நாமும் காத்திருக்கிறோம். இசை முடிந்ததும் விட்ட வசனத்திலிருந்து தொடர்கிறாள்; இந்த வாரம் அல்முல்க் அத்தியாயம் பாதிக்கு வந்திருக்கிறது.